மகளிர் மாரத்தான்

பெண்களுக்கான 42.195 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டி. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான மாரத்தான் 1896-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அந்த இடம் 1984-ல்தான் கிடைத்தது. பெண்ணுடல் தாங்காது என்று சொல்லியே 88 ஆண்டுகள் தடுத்தார்கள்; தாங்குமா என்று ஓடிக் காட்டவும் விடவில்லை.

இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஓடிய பெண்கள் எல்லோருமே பந்தயத்தை முடித்தார்கள். ஆனால் களைப்பில் சிலர் தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. ஓடி முடித்த ஆண்களும் இப்படிச் சாய்வது வழக்கம்தான். அப்படியிருந்தும் பெண்கள் 800 மீட்டர் நீக்கப்பட்டது. 1960-ல் ரோமில்தான் திரும்பி வந்தது.

தடை உடைபடத் தொடங்கிய இடம் அமெரிக்காவின் பாஸ்டன். 1966-ல் அந்நகர மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்களின் உடலுக்கு அந்தத் திறன் இல்லை என்று பதில் வந்தது. தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, ஆண்கள் கூட்டத்தோடு சேர்ந்து ஓடினார் அவர். ஓடியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 20 வயது மாணவி கேத்ரின் சுவிட்சர் 'கே.வி. சுவிட்சர்' என்று பதிந்து 261-ஆம் எண்ணைப் பெற்றார். பந்தய நிர்வாகி ஜாக் செம்பிள் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து, அவர்மீது குத்தியிருந்த எண் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். உடன் ஓடிய நண்பர் செம்பிளைத் தள்ளிவிட, சுவிட்சர் ஓட்டத்தை முடித்தார். அந்தக் காட்சியின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. தடகளச் சங்கமோ தடையை இன்னும் இறுக்கியது. 1972-ல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது. முதல் வெற்றி நீனா குசிக்குக்கு. அதே ஆண்டு நியூயார்க் மாரத்தானில், பெண்கள் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டும் என்று விதி வைத்தார்கள். வேட்டு வெடித்ததும் ஆறு பெண்கள் கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஆண்களோடுதான் எழுந்து ஓடினார்கள்.

1973-ல் மேற்கு ஜெர்மனியின் வால்ட்னீல் ஊரில் பெண்களுக்கென்றே மாரத்தான் நடந்தது. 1979-ல் நார்வேயின் கிரேட்டா வைட்ஸ் 2 மணி 27 நிமிடம் 33 விநாடியில் ஓடியபின், உடல் தாங்காது என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போனது. 1981-ல் மகளிர் மாரத்தானைச் சேர்க்க ஒலிம்பிக் குழு இசைந்தது.

1984 லாஸ் ஏஞ்சல்சில் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் தங்கம் வென்றார். அன்று சுவிஸ் வீராங்கனை கேப்ரியேலா ஆண்டர்சன் வெப்பத்தில் தள்ளாடியபடி அரங்குக்குள் வந்தார். தொட்டால் தகுதியிழப்பார் என்பதால் மருத்துவர்கள் கூடவே நடந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு 37-ஆவதாக முடித்தார். 1928-ல் நடந்ததுபோல் யாரும் போட்டியை நீக்கவில்லை. இதையே பெரிய மாற்றமாகக் கொள்ள வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வழக்கத்தை மாற்றி, ஆண்கள் மாரத்தானை முந்தைய நாள் நடத்திவிட்டு, நிறைவு நாளான ஆகஸ்ட் 11-ஐ மகளிர் மாரத்தானுக்கு ஒதுக்கினார்கள். நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் வென்றார்.