2200 மீட்டர் பட்டை

2200 மீட்டர் பட்டை என்பது 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட தாழ் அதிர்வெண் பட்டை. பிரிட்டிஷ் ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) 1998 முதலே இதைப் பயன்படுத்திவந்தனர். 2007ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பு மாநாடு இதை இரண்டாம் நிலை உரிமையுடன் உலக அளவில் ஒதுக்கியது. கதிர்வீச்சுத் திறனின் உச்சவரம்பு 1 வாட். மொத்த அகலமே 2.1 கிலோஹெர்ட்ஸ் என்பதால் பேச்சுக்கு இங்கே இடமில்லை, அவசரக்காரர்களுக்கும்தான்.

பகலில் தொடர்பு பெரும்பாலும் தரை அலையை நம்பியே நடக்கிறது. இந்த அதிர்வெண்ணில் நிலம் அலையை அதிகம் உறிஞ்சுவதில்லை. கடல்நீர் இன்னும் குறைவாகவே உறிஞ்சுகிறது. இருட்டியதும் அயனமண்டலத்தின் டி அடுக்கு மெலிய, மேலுள்ள ஈ அடுக்கிலிருந்து வான் அலை வலுவாகத் திரும்பும். அட்லாண்டிக்கைத் தாண்டும் தொடர்புகள் இரவில் கிடைப்பது இதனால்தான். தரை அலையும் வான் அலையும் சமவலுவோடு சந்திக்கும் தொலைவில் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு. அப்போது சமிக்ஞை மெல்லத் தேய்ந்து மெல்ல மீளும். காந்தப்புயல் ஓய்ந்த பிறகும் சில நாள்கள் இரவுத் தொடர்பு நலிந்தே இருக்கலாம்.

அனுப்புவோரின் பாடுதான் பெரிது. கால் அலைநீள ஆன்டெனாவுக்கு 550 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் 15 மீட்டர் கம்பம் நட்டாலே அதிகம். பயனுறு உயரம் 10 மீட்டராக உள்ள ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை 0.03 ஓம் அளவே. மண்ணிலும் சுருளிலும் ஏற்படும் இழப்புத் தடையோ பல பத்து ஓம். எனவே பெருக்கியிலிருந்து சில நூறு வாட் கொடுத்தால், அதில் ஒரு வாட்டுக்கும் குறைவே அலையாக வெளியேறும். ஆன்டெனாவை ஒத்திசைக்கச் சில மில்லிஹென்றி சுருள் தேவை. அதன் மேல்முனையில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எழலாம். மழை நனைத்த காப்பான் வழியே பொறி பறந்து கம்பத்தைக் கருக்கிவிடும்.

ஏற்பியின் கதை வேறு. இங்கே எல்லை வகுப்பது ஆன்டெனாவின் திறனன்று, வெளி இரைச்சல். ஆன்டெனா சிறிதானால் சமிக்ஞையும் இரைச்சலும் சேர்ந்தே குறையும், விகிதம் மாறாது. அதனால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சுருள் ஆன்டெனாவோ உள்ளங்கை அளவுத் தகடோ பெரிய கம்பிக்கு ஈடாகக் கேட்கும். சுருளைத் திருப்பினால் ஒரு திசை அடங்கிப்போகும். அந்த அடங்கும் திசையைச் சமிக்ஞைக்கு ஏற்ப அல்லாமல், இரைச்சலின் மூலத்தை நோக்கி வைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். தகடு ஆன்டெனாவை வீட்டிலிருந்து விலக்கி உயரத்தில் பொருத்த வேண்டும்; இல்லையேல் எல்ஈடி விளக்கு, மொபைல் சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சல் கேபிளின் வெளியுறை வழியே ஏறிவரும். கேபிளை ஃபெரைட் வளையத்தில் சுற்றி, ஆன்டெனா அருகிலேயே தனியாக எர்த் கொடுப்பது இதற்குப் பரிகாரம். இடிமின்னல் இரைச்சலுக்கு இப்படி மருந்தில்லை. வெப்பமண்டல நாடுகளில் அதன் தொல்லை மிகுதி.

இரைச்சலைத் தாண்டும் மற்றொரு வழி, வேகத்தைக் குறைப்பது. மோர்ஸ் புள்ளியை 60 நொடிக்கு நீட்டினால் ஏற்பியின் பட்டை அகலத்தை ஒரு ஹெர்ட்ஸில் சிறு பங்காகச் சுருக்கலாம். அதில் நுழையும் இரைச்சலும் சுருங்கும். காது கேட்காததைக் கணினித் திரையில் கோடாகப் படிப்பார்கள். ஓர் அழைப்புக்குறி வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் முறை, அழைப்புக்குறி, இருப்பிடம், திறன் மூன்றையும் இரண்டு நிமிடங்களுக்குள் அனுப்பிவிடுகிறது.