அஸ்திவாரம் ரிப்பேர்: எத்தனை நாள் ஆகும்?

கோவில்பதாகையில் எங்கள் வீட்டு ஹால் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கீழே படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் இறங்குகிறது. போன வருடம் நூல் மாதிரி இருந்தது. இப்போது ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே போகிறது. பார்க்க வந்த மேஸ்திரி, "பத்து நாள் வேலை சார், பாதி அட்வான்ஸ் கொடுத்தா அடுத்த வாரமே ஆரம்பிச்சுடலாம்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பி.காம். படிக்கிற எனக்கு அஸ்திவாரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அந்தப் "பத்து நாள்" மட்டும் மனதில் உறுத்தியது. சரித்திரத்தில் தேடிப் பார்த்தேன். ஐந்து நாளில் முடிந்த வேலையும் இருக்கிறது, பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்த வேலையும் இருக்கிறது!

முதலில் ஐந்து நாள் கதை. அமெரிக்காவின் சிகாகோ நகரம் ஏரிக்கரையில், தாழ்வான சதுப்பு நிலத்தில் வளர்ந்த ஊர். சாக்கடைத் தண்ணீர் ஓட வழியில்லாமல் காலரா போன்ற நோய்கள் வாட்டின. 1850-களில் குழாய் பதித்துத் தெருக்களை உயர்த்தினார்கள். வீடுகள் பள்ளத்தில் நின்றன. (நம் ஊரில் ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிற அதே கதைதான்!) உடனே கட்டடங்களின் அடியில் திருகு ஜாக்கிகளை வைத்துத் தூக்க ஆரம்பித்தார்கள். 1860-ல் லேக் தெருவில் 320 அடி நீளத்துக்கு வரிசையாக நின்ற கட்டடங்களை, சுமார் 600 பேர் 6,000 ஜாக்கிகளைத் திருகி, ஐந்தே நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். எடை சுமார் 35,000 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்ததாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து நாள் என்பது தூக்கிய நேரம் மட்டும். முன்னால் செய்த ஏற்பாடும், பிறகு அடியில் எழுப்பிய சுவரும் அந்தக் கணக்கில் வராது. தவிர, சிகாகோ கட்டடங்களுக்கு வியாதி இல்லை, உயரம்தான் பத்தவில்லை. உயர்த்துவது வேறு, நோயுள்ள அஸ்திவாரத்தைக் குணப்படுத்துவது வேறு.

குணப்படுத்துகிற கதைக்கு இங்கிலாந்து போகலாம். வின்செஸ்டர் நகரப் பேராலயம் பல நூற்றாண்டுப் பழமை. அடியில் இருந்தது மெத்தென்ற கரி மண்ணும் தண்ணீரும். 1900-களின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து விரிசல் விட்டன. குழி தோண்டினால் தண்ணீர் நிரம்பியது. பம்ப் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மண்ணும் வந்து, கட்டடம் இன்னும் இறங்கிவிடும் என்று பயந்தார்கள். கடைசியில் வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை அழைத்தார்கள். 1906-லிருந்து 1911 வரை அவர் கலங்கல் தண்ணீரில், கும்மிருட்டில், கையால் தடவித் தடவி, சுமார் 235 குழிகளில் கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். அந்த மூட்டைகள் குழியின் அடியை அடைத்த பிறகுதான் தண்ணீரை இறைத்துவிட்டு மேலே கட்ட முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, அதை முடித்து, பிறகு அடுத்ததைத் தொட்டார்கள். பேராலயம் இன்றும் நிற்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? இத்தாலியின் பைசா கோபுரம் சொல்கிறது. 1934-ல் அதன் அஸ்திவாரத்தில் நூற்றுக்கணக்கான துளை போட்டு சிமெண்ட் பாலைச் செலுத்தினார்கள். கோபுரம் நிமிரவில்லை, இன்னும் கொஞ்சம் சாய்ந்தது! 1990 ஜனவரியில் மூடி, 2001 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். சாய்வுக்கு எதிர்ப் பக்கத்தில் அடிமண்ணை மெல்ல மெல்ல எடுத்ததுதான் பலித்த வைத்தியம். அந்த வேலை 1999-லிருந்து 2001 வரை நடந்தது. மற்ற வருடங்களில் பெரும்பகுதி அளப்பதிலும், யோசிப்பதிலும், தற்காலிக முட்டுக் கொடுப்பதிலும் போனது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. வாரங்கல் அருகே ஹனுமகொண்டாவில் காகதீயர் கட்டிய ஆயிரங்கால் கோயிலின் கல்யாண மண்டபம், மணல் நிரப்பிய அஸ்திவாரத்தின் மேல் நின்றது. அது இறங்கியதால் 2000-களின் நடுவில் தொல்லியல் துறை மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்தது. மறுபடி திறந்தது 2024 மார்ச்சில்தான்.

கோயிலும் கோபுரமும் பெரிய விஷயம், நம் வீடு சின்னதுதானே என்று கேட்கலாம். அளவு சின்னதுதான், ஆனால் விதி ஒன்றுதான். ஏரியை ஒட்டிய மனைகளில் களிமண் இருந்தால், அது ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். சுவரும் கூடவே ஏறி இறங்கும். இப்படிப்பட்ட மண்ணுக்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் பல்பு மாதிரி அகலமாகிற பைல் அஸ்திவாரத்தை நம் நாட்டில் வளர்த்தெடுத்தது. ஆனால் அது வீடு கட்டும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு என்ன எதிர்பார்க்கலாம்? சுவருக்கு அடியில் புதிய கான்கிரீட் கொடுப்பதென்றால் மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாகத்தான் தோண்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒன்றாகத் தோண்டக் கூடாது. ஒரு சுற்று தோண்டி, கான்கிரீட் போட்டு, குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட்டு இறுக விட்டால் பத்து நாள். மூன்று சுற்று என்றால் ஒரு மாதம். இது மேஸ்திரிக்குத் தெரியாத கணக்கு இல்லை!

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலர் ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்தினார்கள். அதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் என்கிறார்கள். அதில் பலர் எதிர்பார்க்காத செலவு ஒன்று உண்டு. சுவர் மேலே போகும், தரை கூடப் போகாது. மண் நிரப்பி, தரையைப் புதிதாகப் போட்டு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களை மாற்ற வேண்டும். ஆபத்தும் உண்டு: 2022 ஆகஸ்டில் சேலையூரில் இப்படி ஒரு வீட்டை உயர்த்தும்போது இடிந்து விழுந்து, வட மாநிலத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி இறந்தார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, காத்திருந்து பார்ப்பது. விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்தால்தான் மண்ணின் குணம் புரியும். விரிசல் வேகமாக அகன்றாலோ, கதவு திடீரென்று மாட்டிக்கொண்டாலோ காத்திருக்கக் கூடாது, உடனே ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிட வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முதலில் ஒரு என்ஜினீயரை வரவழைத்தார். பார்த்துவிட்டு, உடனடி ஆபத்து இல்லை, ஒரு மழை போகட்டும் என்றார் அவர். சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் பீரோவிலேயே இருக்கிறது. சுவரில் மூன்று இடத்தில் கண்ணாடி ஒட்டி, பக்கத்தில் அப்பா பென்சிலால் தேதி எழுதியிருக்கிறார். தினமும் காபி டம்ளரோடு போய் ஒரு தடவை பார்க்கிறார். அம்மாவுக்கு மட்டும் வருத்தம், இந்தப் பொங்கலுக்கு ஹாலுக்கு வெள்ளையடிக்க முடியாது!