முத்தும் உரையாடலும்

கருத்தரங்கும் அதனைத் தொடரும் விருந்து உரையாடலும் மேனாட்டுச் சர்வகலாசாலைகள் நமக்களித்த கொடை என்று எண்ணுவோர் பலர். புத்தளக் கரையின் வரலாறு வேறு சான்று பகர்கின்றது.

1344ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 'பத்தாலா' என்னும் பட்டினத்தை அடைந்தார். அது புத்தளமே என்பர் ஆய்வாளர். ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவன். மூன்று நாள் விருந்தோம்பி, அயல்நாட்டு அரசர்களைப் பற்றி ஆவலோடு கேட்டறிந்தான். மதம் குறுக்கே நிற்கவில்லை. பாவா ஆதம் மலைக்குச் செல்ல விழைந்த விருந்தினருக்குப் பல்லக்கும், துணையாக யோகியரும் பிராமணரும் கிடைத்தனர்.

ஒருநாள் அரசன் முன்னிலையில் முத்துக்கள் தரம்பிரிக்கப்பட்டன. இவற்றுக்கு நிகரானவை பிறநாடுகளில் உண்டோ என அவன் வினவினான். முத்தின் தரம் பேசப்பட்டது. ஆனால், மூச்சடக்கி மூழ்கி அதை எடுத்தவனின் பெயர் அப்பயண நூலில் இல்லை.

1942இல் தோன்றிய இலங்கைச் சர்வகலாசாலை 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. விடுதி விருந்துகளில் ஆசிரியருக்கென உயர்மேசை இருந்தது, பாடமொழியோ ஆங்கிலம். தாய்மொழி பின்னர் விரிவுரை மண்டபத்துள் நுழைந்தது. உப்பளத் தொழிலாளியும் மீனவனும் அக்கருத்தரங்குகளில் இடம்பெற்றனரா?

மனிதப் பண்பியல் என்று பெயர் சூட்டிவிட்டு மனிதரை வாயிலில் நிறுத்துவது முறையன்று. மாணவ நண்பர்களே, உங்கள் அடுத்த கருத்தரங்கைக் கற்பிட்டி வாடியொன்றில் கூட்டுங்கள். சோறும் மீன்குழம்பும் அங்கு உண்டு. கடலை அறிந்தவர் முதலிற் பேசட்டும், நாம் கேட்போம்.