பால்மரம் வந்த வழி: சிங்கப்பூர் பூங்காவும் நம்ம தோட்டமும்

 

சிங்கப்பூருக்கு ஆலயப் பேருந்து விட்டால் நம்ம வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன், தேக்காவில் வீரமாகாளியம்மன், பெருமாள், வாழையிலைச் சாப்பாடு. அப்புறம் முஸ்தபாவுக்குள் போனவர்களைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணி நேரம். இந்த முறை தொண்டர்கள் நாங்கள் தாவரவியல் பூங்காவையும் சேர்த்தோம். "பூ பார்க்கவா அவ்வளவு தூரம்? ஆயர் குரோவிலேயே இருக்கே!" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா நம்ம தாத்தா பாட்டி இந்த மண்ணுக்கு வந்த கதையில் அந்தப் பூங்காவுக்கும் பங்கு இருக்கு.

மாரியம்மன் கோயில் 1827-இல் நாராயண பிள்ளை முயற்சியால் எழுந்தது. பூங்கா 1859-இல் வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது கொஞ்சம்தான். அதிலும் பெரும்பகுதி இலங்கைக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது.

1888-இல் ரிட்லி என்பவர் பூங்காவின் பொறுப்புக்கு வந்தார். பார்க்கிற முதலாளிகளிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொல்வாராம். காப்பி நட்டுக்கொண்டிருந்த துரைமார்கள் அவரைப் பைத்தியம் என்றே பட்டம் கட்டினார்கள். மரத்தைக் கொத்திச் சாகடிக்காமல், பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை அவர்தான் சோதித்துக் காட்டினார். நம்ம பாட்டிமார் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டியது அந்த முறையில்தான்.

அவர் பேச்சைக் காதில் வாங்கியவர் நம்ம மலாக்காக்காரர், டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் அதைவிடப் பல மடங்கு பெரிய தோட்டம் போட்டார். அவர் பெயரில் ஓர் ஆர்க்கிட் பூவே இருக்கு, அவருடைய மகன் உருவாக்கியது. பூ பார்க்கவான்னு கேட்டவங்களுக்கு அந்தப் பூவையாவது சொல்லணும்.

மோட்டார் கார் வந்ததும் ரப்பருக்கு விலை ஏறியது. காட்டை அழிக்க, மரம் வெட்ட ஆள் வேண்டுமே! கங்காணிமார் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை அது நடந்தது. வந்தவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, சூலத்தை ஊன்றி, மாரியம்மா என்று கும்பிட்டார்கள். தோட்டத்துக் கோயில்கள் பல அப்படித்தான் பிறந்தன.

பூங்காவில் நடக்கும்போது எங்களுக்கு ஒன்று உறுத்தியது. 22 கன்றுகள் எந்த ஆண்டு வந்தன, எங்கே போயின என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மரங்களோடு காலம் தள்ளிய நம்மவர்களுக்கோ பெரட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர், அதுவும் பாதிதான். அந்தப் புத்தகமும் இப்போ எங்கேன்னு யாருக்கும் தெரியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் செம்பனையானது, ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். சில இடங்களில் அம்மனையும் கூடவே தூக்கி வந்தார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய தோட்டத்துக் கோயில் படம், திருவிழா நோட்டீஸ், வரிப்பணக் கணக்கு நோட்டு எது வீட்டில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வாங்க. நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாங்க. நடக்க முடியாதவர்களாக இருந்தால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.