ஒத்துப் பிடித்த பிள்ளைகள்

நாகஸ்வரத்தில் இராக ஆலாபனையை முன்னோர் எங்ஙனம் கற்பித்தனரென்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். கீர்த்தனை இயற்றி முடிந்த பொருள், பாடஞ் சொல்லலாம். ஆலாபனையோ வாசிக்கும் வேளையிற் பிறப்பது. அதற்குப் பாடமாயிருந்தது குருவின் பக்கத்தில் நின்று பெற்ற கேள்வி ஞானமே.

வாத்தியத்தின் அமைப்பே இதற்கு முதற் காரணம். நாகஸ்வரத்தில் விரலாடும் துளைகள் 7. அடியிலுள்ள 5 துளைகளும் சுருதியைத் திருத்துவதற்காக மெழுகிட்டு அடைக்கப்படுவன. 12 ஸ்வர ஸ்தானங்களையும் அவ்வேழு துளைகளில், மூச்சின் அழுத்தத்தாலும் சீவாளியை உதடு பற்றும் பக்குவத்தாலும் வருவித்தல் வேண்டும். தோடியின் காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டுமென்பதை விரல் தானாக அறியாது. செவியே அதற்குச் சொல்ல வேண்டும். ஆதலின் பிள்ளைகளுக்கு முதலில் வாய்ப்பாட்டைப் பயிற்றும் வழக்கமிருந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களும் (1898–1956) இளமையில் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டே பயின்றார். அவருடைய தோடியை இசைத்தட்டிற் கேட்போர்க்கு அப்பயிற்சி விளங்கும்.

அடுத்த பள்ளி ஒத்து. ஆதார சுருதியொன்றையே இடையறாது ஊதும் குழல் அது. மூக்கால் மூச்சை வாங்கியபடியே வாயால் ஊதப் பழகிய சிறுவன், ஸ்வாமி புறப்பாட்டில் இரவு நெடுநேரம் குருவின் அருகே நிற்பான். அவன் வாய் பேசவியலாது. செவி மாத்திரம் ஓய்வாயிருக்கும். குரு இராகத்தை எவ்விடத்தில் எடுத்தார், எந்த ஸ்வரத்தை நெடுநேரம் தொடாது வைத்திருந்தார், நேற்று வாசித்த அதே இராகத்தை இன்று எப்படி வேறாக வளர்த்தார் என்பனவெல்லாம் கேட்டுக் கேட்டு உள்ளத்திற் படியும். பின்னர்த் துணை நாகஸ்வரம். குரு வாசித்த பிடியைத் திரும்ப வாசித்துக் காட்டுவான். நாளடைவில் அவர் விட்ட இடத்திலிருந்து தானே வளர்ப்பான்.

அம்முறையில் குறையே இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. அடியும் ஏவலும் மிகுதி. ஐயம் கேட்கவும் பிள்ளைகள் அஞ்சினர். ஸ்வரக் குறிப்பின் உபகாரத்தையும் மறுப்பதற்கில்லை. 1904-ஆம் ஆண்டு வெளியான சுப்பராம தீக்ஷிதரின் ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி இன்றேல், எத்தனையோ உருப்படிகளின் பழைய வடிவம் நமக்குக் கிட்டியிராது. எனினும் குறிப்பைக் கண்டு ஆலாபனை செய்யத் தொடங்கியவன் அக்குறிப்பையே மறுபடி வாசிக்கிறான்.

ஒத்தின் இடத்திற்குச் சுருதிப்பெட்டி வந்தது. பின்னர் மின்சாரச் சுருதி வந்தது. சுருதி குறைவறக் கிடைத்தது. ஆனால் ஒத்துப் பிடித்த பையன் வீட்டோடு நின்றுவிட்டான். நாகஸ்வரம் வாசிக்கும் நம் அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம்: உற்சவத்திற்குப் புறப்படும்போது வீட்டுப் பிள்ளையையும் உடனழைத்துச் சென்று, பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெண் குழந்தையாயினும் தயங்க வேண்டாம்.