விண்மீன்களின் தோற்ற இயக்கம்

விண்மீன்களின் தோற்ற இயக்கம் என்பது, பூமியிலிருந்து பார்ப்பவருக்கு விண்மீன்கள் கிழக்கே எழுந்து, வானைக் கடந்து, மேற்கே மறைவதாகத் தெரியும் நகர்வு. பூமி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதே இதற்குக் காரணம். நாட்காட்டி, கடல்வழி, துல்லியமான நேரக்கணக்கு ஆகியவை இந்த நகர்வைக் கூர்ந்து கவனித்ததால் வளர்ந்தவை. இதற்குள் ஒளிந்திருந்த மெல்லிய அசைவுகள் சில, ஒரு மனிதரின் ஆயுளுக்குள் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாதவை. முன்னோர் எழுதிவைத்த அளவுகளைப் பின்னோர் எடுத்து ஒப்பிட்டபோதுதான் அவை வெளிப்பட்டன.

நாளும் ஆண்டும்

வானம் மணிக்குச் சுமார் 15 பாகை நகர்கிறது. ஒரு விண்மீன் மறுபடி அதே திசையில் அதே உயரத்துக்கு வர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. பூமி சூரியனையும் சுற்றிவருவதால், இது சூரிய நாளைவிட ஏறத்தாழ 4 நிமிடம் குறைவு. எனவே இன்று இரவு 9 மணிக்கு உச்சியில் நிற்கும் மீன், ஒரு மாதம் கழித்து 7 மணிக்கே அங்கு வந்துவிடும். கார்த்திகை மாதத்தில் பொழுது சாயும் வேளையில் கிழக்கே எழும் கார்த்திகை மீன்கூட்டம், வைகாசியில் சூரிய ஒளிக்குள் மறைந்துபோவதும் இதனால்தான்.

பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தும் காட்சி மாறும். ஓர் ஊரின் அகலாங்கு எவ்வளவோ, அவ்வளவு உயரத்தில் அங்கே வான்துருவம் இருக்கும். அதையொட்டி நிற்கும் துருவ மீன் சென்னையில் சுமார் 13 பாகை உயரத்திலும் கன்னியாகுமரியில் சுமார் 8 பாகை உயரத்திலும் தெரிகிறது. நிலநடுக்கோட்டில் எல்லா மீன்களும் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்கும். வடதுருவத்தில் நிற்பவருக்கோ எந்த மீனும் எழுவதில்லை, மறைவதுமில்லை.

தொன்மைக் காலம்

எகிப்தியர், சுமார் 70 நாள் மறைந்திருந்த சிரியஸ் விண்மீன் விடியற்காலையில் மீண்டும் தென்படுவதை நைல் நதி வெள்ளத்தின் அறிகுறியாகக் கொண்டனர். இரவைப் பகுக்க, அடுத்தடுத்து எழும் 36 மீன்தொகுதிகளைப் பயன்படுத்தினர். பாபிலோனியாவில் கி.மு. 1000 அளவில் தொகுக்கப்பட்ட முல்-அபின் களிமண் பலகைகள், எந்த மீன் எந்த நாளில் முதலில் எழும் என்று பட்டியலிடுகின்றன.

கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சித்திரை விண்மீனின் இடத்தை அளந்தார். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் டிமோக்காரிஸ் குறித்துவைத்த அளவோடு ஒப்பிட்டபோது சுமார் 2 பாகை வேறுபாடு தெரிந்தது. அயன அசைவு எனப்படும் இந்த நகர்வு, 72 ஆண்டுக்கு 1 பாகை வீதம் நிகழ்கிறது. இந்த வீதத்தில் பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. பஞ்சாங்கக் கணிதத்தில் வரும் அயனாம்சம், இப்படிச் சேர்ந்துவந்த விலகலின் அளவே. இன்று அது சுமார் 24 பாகை.

சுழல்வது எது?

வானமே சுழல்கிறது என்பது பண்டைய வானியலாளர் தாலமி உள்ளிட்ட பலரின் முடிவு. கி.பி. 499இல் ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் பூமியே சுழல்கிறது என்றார். படகில் முன்னே செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிப் போவதாகத் தெரிவதை அவர் எடுத்துக்காட்டினார். 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு சதுர்யுகத்தில் பூமி 158,22,37,500 முறை சுழலும் என்பது அவர் கணக்கு. இதை வகுத்துப் பார்த்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி வருகிறது. தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன் எட்டப்பட்ட இந்தத் துல்லியம் வியந்து போற்றத்தக்கது. வராகமிகிரரும் பிரம்மகுப்தரும் பூமி சுழலும் கருத்தை மறுத்தனர். ஐரோப்பாவில் 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூல் அக்கருத்தை முன்வைத்தது. பாரிசில் 1851இல் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, அதன் ஆட்டத்திசை மெல்லத் திரும்புவதன் வழியாகப் பூமியின் சுழற்சியைப் பொதுமக்கள் கண்ணெதிரே காட்டினார்.

கடலோடிகள்

அரபு, இந்திய மாலுமிகள் கமால் என்ற எளிய கருவியைக் கொண்டு துருவ மீனின் உயரத்தை அளந்தனர். அது நடுவில் கயிறு கோத்த ஒரு சிறு செவ்வகப் பலகை. கயிற்றைப் பல்லில் கடித்து விறைப்பாகப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ மீனிலும் பொருத்துவார்கள். கயிற்றிலுள்ள முடிச்சுகள் தெரிந்த துறைமுகங்களின் அகலாங்கைக் குறிப்பவை. உரிய முடிச்சு பல்லுக்கு வந்ததும், அத்துறைமுகத்துக்கு நேராகக் கிழக்கிலோ மேற்கிலோ கப்பலைச் செலுத்தினால் போதும். பசிபிக் தீவினர் மீன்கள் எழும், மறையும் புள்ளிகளையே திசைகாட்டியாக மனத்தில் பதித்திருந்தனர். அந்த மரபில் வந்த மாவ் பியாய்லுக், 1976இல் ஹோக்குலேயா படகைக் கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தகித்திக்கு வழிநடத்தினார்.

சென்னை வானாய்வகம்

1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் கட்டப்பட்டது. அதிர்வு கருவியை எட்டாதிருக்க, 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று அங்கே நிறுத்தப்பட்டது. அத்தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. இவ்வகை ஆய்வகங்களின் முதன்மைக் கருவி, வடக்கு தெற்காக மட்டும் திரும்பும் உச்சிக்கடப்புத் தொலைநோக்கி. அதன் பார்வைப் புலத்தில் மெல்லிய இழைகள் செங்குத்தாகக் கட்டப்பட்டிருக்கும். ஆய்வாளர் கண்ணை மீனில் வைத்து, காதைக் கடிகாரத்தின் டிக் ஒலிக்குக் கொடுத்து, ஒவ்வோர் இழையையும் மீன் கடக்கும் நொடியைப் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுவார்.

இங்கே பல ஆண்டுகள் அளந்து, 1844இல் டி. ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் அட்டவணையை வெளியிட்டார். 1867இல் இங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆய்வகம் கணித்த சென்னை நேரம், 1906இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை ரயில்வேக்களுக்குப் பொது நேரமாக விளங்கியது.

நுண்ணிய அசைவுகள்

1718இல் எட்மண்ட் ஹேலி, சிரியஸ், ஆர்க்டரஸ் முதலியவை தாலமியின் அட்டவணையில் உள்ள இடத்திலிருந்து விலகியிருப்பதைக் கண்டார். நிலையானவை எனக் கருதப்பட்ட மீன்களுக்கும் தனி இயக்கம் உண்டு என்பது அப்போது தெரிந்தது. 1728இல் ஜேம்ஸ் பிராட்லி, லண்டனின் உச்சி அருகே கடக்கும் ஒரு மீன் ஆண்டுதோறும் சுமார் 20 விகலை முன்னும் பின்னும் ஆடுவதைப் பூமியின் ஓட்டத்தாலும் ஒளியின் வேகத்தாலும் விளக்கினார். ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. 1838இல் பெசல், அன்னத் தொகுதியின் 61ஆம் மீனில் பூமி சூரியனைச் சுற்றுவதால் தோன்றும் சுமார் 0.3 விகலை இடமாறு தோற்றத்தை அளந்து, அதன் தொலைவைக் கணித்தார்.

இன்று

2013இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம், ஏறத்தாழ 180 கோடி விண்பொருள்களின் இடத்தை அட்டவணைப்படுத்த உதவியது. அதன் மூன்றாம் தொகுப்பில் உள்ள இடங்கள் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குரியவை என்று குறிக்கப்பட்டுள்ளன. மீன்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஆண்டு குறிக்காத அட்டவணை ஒப்பீட்டுக்கு உதவாது. டிமோக்காரிஸின் அளவு ஹிப்பார்க்கஸுக்கும், தாலமியின் அளவு ஹேலிக்கும் பயன்பட்டதுபோல, கையாவின் அளவுகளும் நாளைய ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படை.