இரத்தம் நிற்கக் காரணமான நுண்தட்டுகள்

விரலில் முள் குத்தினால் சில நிமிடங்களில் இரத்தம் தானாகவே நின்றுவிடுகிறது. நாம் இதைக் கண்டு வியப்பதில்லை. நிற்காமலே போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1950-களின் நடுவில், அமெரிக்காவில் பெதஸ்டா என்னுமிடத்திலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் குழந்தைகள் பிரிவில் இது அன்றாடக் காட்சி. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளின் மூக்கிலும் ஈறுகளிலும் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மருந்து பலன் தருமுன்பே பலர் இரத்தப்போக்கினால் இறந்தனர்.

இதற்குக் காரணம் என்ன? நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணுக்களோடு தட்டணுக்களும் உள்ளன. இவற்றின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான்தான். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரை இருக்கும். இரத்தக்குழாய் கிழியும் இடத்தில் இவை ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. 1882-இல் இதைக் கண்டு சொன்னவர் இத்தாலிய அறிஞர் பிட்சோசெரோ. தட்டணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. இரத்தப் புற்றுநோயில் மஜ்ஜையைப் புற்றணுக்கள் அடைத்துக்கொள்வதால் தட்டணு உற்பத்தி குன்றுகிறது. புற்றணுக்களைக் கொல்லும் மருந்தும் அதை மேலும் குறைத்துவிடுகிறது.

அப்படியானால் பிறருடைய தட்டணுக்களைக் கொடுக்கலாம் அல்லவா? 1910-இலேயே பாஸ்டன் நகரில் வில்லியம் டியூக் இதைச் செய்து காட்டினார். நோயாளியின் காதுமடலில் சிறு கீறலிட்டு, கசியும் இரத்தத்தை ஒற்றுத்தாளில் ஒற்றி, அது நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மற்றொருவரின் புதிய இரத்தத்தைச் செலுத்தியதும் தட்டணுக்கள் பெருகின, கசிவு நின்றது. ஆனால் தட்டணுக்களின் ஆயுள் பத்து நாளுக்கு மேற்படாது. ஆகவே திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டியிருந்தது.

பெதஸ்டாவில் எமில் பிரைரைக் என்ற இளம் மருத்துவர் இந்த வழியைப் பின்பற்றினார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் நோயாளியின் உடலில் இருக்கிறது என்று அப்போது சிலர் கருதினர். அவர் தம் இரத்தத்தைக் குழந்தையின் இரத்தத்தோடு கலந்து பார்த்தார், குறை நீங்கியது. தடைப்பொருள் இருந்திருந்தால் நீங்கியிருக்காது. எனவே குறை தட்டணுக்களில்தான்! தட்டணு எண்ணிக்கை குறையக் குறைய இரத்தப்போக்கு மிகுவதை 1962-இல் அவர் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினர்.

தட்டணுக்களை மட்டும் பிரிப்பது எப்படி? இங்கே பௌதிகம் துணை வருகிறது. இரத்தப் பையை மையவிலக்குப் பொறியில் மெதுவாகச் சுழற்றினால், அடர்த்தி மிகுந்த சிவப்பணுக்கள் அடியில் படியும். தட்டணுக்கள் பிளாஸ்மாவோடு மேலே தங்கும். அந்தப் பிளாஸ்மாவை வேகமாகச் சுழற்றினால் தட்டணுக்கள் படிந்துவிடும். 1960-களின் நடுவில் ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் ஜட்சன், பிரைரைக்குடன் சேர்ந்து, கொடையாளியின் உடலிலிருந்து வரும் இரத்தத்தை ஓடும்போதே பிரித்து, மீதியை அவருக்கே திருப்பித் தரும் பொறியை உருவாக்கினார். அவருடைய மகனும் இரத்தப் புற்றுநோயாளி.

இன்னொரு புதிர் எஞ்சியிருந்தது. குளிர்பெட்டியில் இரத்தம் பல நாள் கெடாது, தட்டணுவும் அப்படித்தானே? இல்லை! குளிரில் வைத்த தட்டணுக்கள் நோயாளியின் உடலில் விரைவில் மறைந்துவிடுகின்றன என்றும், அறை வெப்பநிலையில் வைத்தவை நெடுநேரம் வாழ்கின்றன என்றும் 1969-இல் மர்பியும் கார்ட்னரும் காட்டினர். இன்று 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், இடைவிடாது மெல்ல அசைத்தபடி அவற்றைக் காக்கிறார்கள். ஆனால் அந்த வெப்பத்தில் கிருமிகளும் வளரக்கூடும். ஆகவே பொதுவாக ஐந்து நாள்தான் கெடு.

மாத்திரைபோல இதைச் செய்து அடுக்கிவைக்க முடியாது. சிகிச்சை முடியும்வரை குழந்தையின் உயிரைக் காக்க, யாரேனும் ஒருவர் இந்த வாரமும் கை நீட்டியாக வேண்டும்.